விட்மன் கவுண்டி: கோதுமைக் குன்றுகளும் குறையும் ஊர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விட்மன் கவுண்டி என்றொரு விவசாயப் பகுதி இருக்கிறது. 1910 கணக்கெடுப்பில் அங்கே 33,280 பேர் இருந்தார்கள். 2020-இல் 47,973 பேர். எண்ணை மட்டும் பார்த்தால் ஊர் பெருத்திருக்கிறது என்றுதான் தோன்றும். காரை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் கடைவீதியில் பாதிக் கதவுகள் திறக்காத சிற்றூர்கள்தான் வரிசையாக வரும். இரண்டும் உண்மை. எப்படி என்பதற்கு மண்ணிலிருந்து தொடங்கினால்தான் விடை கிடைக்கும். பிள்ளைகளைப் புல்மன் ஊருக்குப் படிக்க அனுப்பும் பெற்றோரும், கணினித் திரையில் பச்சைக் குன்றுகளின் படத்தைப் பார்த்து வியந்தவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

கவுண்டி என்றால் என்ன? இது எங்கே இருக்கிறது?

மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. நம் மாவட்டம் போல என்று சொல்லலாம். ஆனால் மேலிருந்து நியமிக்கப்படும் ஆட்சியர் கிடையாது. மூன்று ஆணையர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஷெரீப், பொருளாளர், சொத்து மதிப்பீட்டாளர் எல்லோரும் ஓட்டு வாங்கித்தான் பதவிக்கு வர வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் இப்படி 39 கவுண்டிகள். அவற்றில் விட்மன் மாநிலத்தின் கிழக்கு விளிம்பில், ஐடஹோ மாநிலத்தை ஒட்டி இருக்கிறது. வடக்கே ஸ்போகேன் கவுண்டி, தெற்கே ஸ்னேக் ஆறு. சியாட்டிலிலிருந்து காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நிலப்பரப்பு சுமார் 5,590 சதுர கிலோமீட்டர். தலைமையூர் கோல்ஃபேக்ஸ், பெரிய ஊர் புல்மன். இந்த இரண்டும் வேறு வேறு ஊர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

படங்களில் வரும் அலை அலையான குன்றுகள் இங்கேதானா? அவை எப்படி உண்டாயின?

இங்கேதான். பலூஸ் என்று அழைக்கப்படும் நிலப்பகுதியின் நடுப்பகுதி இந்தக் கவுண்டி. பார்ப்பதற்குப் பாலைவன மணல் மேட்டின் மேல் யாரோ பச்சைத் துணியை விரித்தது போலிருக்கும். அந்த ஒப்புமையில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, ஏனென்றால் இந்தக் குன்றுகளைக் கட்டியது காற்று.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எரிமலைக் குழம்பு. ஏறத்தாழ 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தரையின் வெடிப்புகள் வழியே பொங்கிய குழம்பு அடுக்கடுக்காகப் பரந்து இறுகிக் கரும்பாறையானது. அதன் மேல், கடந்த இருபது லட்சம் ஆண்டுகளாகத் தென்மேற்குக் காற்று நுண்ணிய வண்டலை அள்ளி வந்து கொட்டியது. சில இடங்களில் இந்த வண்டல் 75 மீட்டர் ஆழம். அந்த வண்டல் காற்றுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பது தனிக்கதை. பனியுகத்தில் மொன்டானா பக்கம் பனிப்பாளம் ஒன்று ஆற்றை அடைத்து மிசூலா என்ற பேரேரியை உண்டாக்கியது. பனி அணை உடையும்போதெல்லாம் ஏரி முழுவதும் ஒரே மூச்சில் கடலை நோக்கிப் பாய்ந்தது. ஒரு தடவை இரண்டு தடவை நடந்ததல்ல, பல முறை. வெள்ளம் வடிந்தபின் தாழ்வான இடங்களில் படிந்த சேறு காய்ந்து தூளானது. காற்று அதைக் கிழக்கே தூக்கிக்கொண்டு போயிற்று.

வெள்ளம் போன தடத்தைக் கவுண்டியின் மேற்கு ஓரத்தில் இன்றும் பார்க்கலாம். மண்ணெல்லாம் உரிந்து மொட்டைப் பாறையாக நிற்கும் நிலம் அது. பலூஸ் அருவியும் அந்தப் பக்கம்தான், இரண்டு கவுண்டிகளின் எல்லையில் சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது.

இந்த மண்கடலுக்குள் தீவு போல நிற்பது ஸ்டெப்டோ மேடு, 1,101 மீட்டர். எரிமலைக் குழம்பு சுற்றிலும் நிரம்பியபோது மூழ்காமல் தலைநீட்டிக்கொண்டிருந்த மிகப் பழைய குவார்ட்சைட் பாறை. உலகில் எங்கே இப்படிக் குழம்புக்கு நடுவே பழைய பாறை தனித்து நின்றாலும் நிலவியலார் அதை 'ஸ்டெப்டோ' என்றே அழைக்கிறார்கள். ஊர்ப் பெயர் கலைச்சொல்லாவது எல்லா ஊருக்கும் வாய்க்காது. நீங்கள் பார்த்த படங்களில் பெரும்பாலானவை இந்த மேட்டின் உச்சியிலிருந்து எடுத்தவையாக இருக்கும். 1888-இல் கேஷப் டேவிஸ் என்ற வணிகர் அந்த உச்சியில் ஒரு ஹோட்டலே கட்டினார். அவ்வளவு மேலே ஏறிப்போய்த் தங்க ஆள் வரவில்லை. 1911-இல் எரிந்துபோயிற்று.

ஆற்றுப் பாசனமா, கிணற்றுப் பாசனமா?

இரண்டும் இல்லை. கிட்டத்தட்ட முழுவதும் மானாவாரி. மேற்கே ஆண்டுக்கு 300 மில்லிமீட்டரை ஒட்டியும், கிழக்கே புல்மன் பக்கம் 500 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயும் மழையும் பனியுமாகப் பெய்கிறது. இதில் பெரும்பங்கு குளிர்காலத்தில் வந்துவிடும்; பயிர் முற்றும் ஜூலை, ஆகஸ்டில் வானம் வறண்டு கிடக்கும். கேட்டால் எதிர்மாறாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்த வண்டல் மண் குளிர்கால ஈரத்தைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, வேர் கீழே இறங்கிக் குடித்துக்கொள்கிறது. செப்டம்பர், அக்டோபரில் விதைத்த குளிர்காலக் கோதுமை பனிக்கடியில் உறங்கி, வசந்தத்தில் எழுந்து, வறண்ட வெயிலில் முற்றுகிறது. அறுவடை நேரத்தில் மழை வராதது உழவருக்கு வரம்.

கிழக்கே வழக்கமான சுழற்சி மூன்று ஆண்டு: ஒரு ஆண்டு குளிர்காலக் கோதுமை, அடுத்த ஆண்டு வசந்தத்தில் விதைக்கும் கோதுமை அல்லது பார்லி, அதற்கடுத்து பருப்பு வகை. மேற்கே மழை போதாத இடத்தில் ஒரு ஆண்டு கோதுமை, ஒரு ஆண்டு தரிசு.

'பலூஸ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஸ்னேக் ஆற்றில் பலூஸ் ஆறு கலக்குமிடத்தில் இருந்த பலூஸ் பழங்குடி ஊரின் பெயரிலிருந்து என்று ஒரு சாரார். விலங்குத் தோல் வணிகம் செய்த பிரெஞ்சுக்காரர்கள் புல்வெளிக்குத் தங்கள் மொழியில் சொன்ன 'பெலூஸ்' என்று இன்னொரு சாரார். இரண்டும் கலந்திருக்கவும் கூடும். புள்ளிப் புள்ளியாக உடல் கொண்ட 'அப்பலூசா' குதிரைக்கும் இந்தப் பெயர்தான் மூலம்.

முதலில் இங்கே வாழ்ந்தவர்கள் யார்? அவர்கள் எங்கே போனார்கள்?

பலூஸ் மக்கள், அவர்களுக்கு அண்டையில் நெஸ் பெர்ஸ், கூர் டலேன், ஸ்போகேன் மக்கள். குளிர்காலத்தில் ஆற்றங்கரை ஊர்களில் தங்குவார்கள். சால்மன் மீன், கமாஸ் கிழங்கு, காட்டுப் பழங்கள் இவைதான் உணவு. 18-ஆம் நூற்றாண்டில் குதிரை வந்தபின் இந்தப் புல்மேடுகளில் பெரும் மந்தைகளை வளர்த்தார்கள். நிலம் உழப்படாமல் இருந்தது என்பதால் சும்மா கிடந்தது என்று எண்ணக்கூடாது. அது அவர்களுடைய மேய்ச்சல் காடு, கிழங்குக் காடு.

1855-இல் வாலா வாலாவில் நடந்த உடன்படிக்கைப் பேச்சில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் பழங்குடி நிலங்களில் பெரும்பகுதியை எழுதி வாங்கினார். யாகமா உடன்படிக்கையில் பலூஸ் பெயரும் சேர்க்கப்பட்டது. அந்த மக்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 1858 மே மாதம், இன்றைய ரொசாலியா ஊருக்கருகே கர்னல் எட்வர்ட் ஸ்டெப்டோவின் சுமார் 160 பேர் கொண்ட படையைப் பழங்குடி வீரர்கள் வளைத்துக்கொண்டார்கள். தோட்டா தீர்ந்துபோன படை இரவோடிரவாகத் தப்பி ஓடியது. தோற்று ஓடியவர் பெயரைத்தான் அந்த மேட்டுக்கு வைத்திருக்கிறார்கள்.

பதிலடி சில மாதங்களில் வந்தது. செப்டம்பரில் கர்னல் ஜார்ஜ் ரைட் பெரும்படையோடு வந்து இரண்டு போர்களில் வென்றார். பிறகு கைப்பற்றிய சுமார் 800 குதிரைகளை ஸ்போகேன் ஆற்றங்கரையில் சுட்டுக் கொன்றார். சரணடைய வந்தவர்களில் சிலரைத் தூக்கிலிட்டார். குதிரை போனால் அந்த மக்களுக்கு நடையும் போயிற்று, வேட்டையும் போயிற்று, செல்வமும் போயிற்று. ரைட்டுக்கு அது தெரிந்தேதான் செய்தார்.

போரில் முன்னின்ற தலைவர் கமையாகின் சில ஆண்டுகள் அலைந்துவிட்டு இந்தக் கவுண்டியின் வடமேற்கிலுள்ள ராக் ஏரிக் கரையில் குடும்பத்தோடு வாழ்ந்து, 1870-களின் இறுதியில் மறைந்தார். புல்மனுக்கு வடக்கே மரங்கள் அடர்ந்து நிற்கும் கமையாக் மேடு அவர் பெயர் தாங்கியது. பலூஸ் மக்கள் யாகமா, கால்வில், நெஸ் பெர்ஸ், உமடிலா ஒதுக்கிடங்களுக்குச் சிதறிப்போனார்கள். அவர்கள் பெயரில் ஆறு இருக்கிறது, ஊர் இருக்கிறது, அருவி இருக்கிறது. அவர்களுக்கென்று தனி ஒதுக்கிடம் ஒன்று இல்லை.

விட்மன் யார்? அவர் இந்த ஊர்க்காரரா?

இல்லை. மார்க்கஸ் விட்மன் மருத்துவர், கிறிஸ்தவ ஊழியர். வாலா வாலாவுக்கருகே ஊழியக்களம் நடத்தினார். 1847-இல் தட்டம்மை பரவிப் பழங்குடிக் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தபோது, அவர் மருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது. நவம்பர் 29 அன்று கையூஸ் மக்களில் சிலர் அவரையும் மனைவி நார்சிசாவையும் மற்றும் பதினொரு பேரையும் கொன்றார்கள். சரியாக 24 ஆண்டுகள் கழித்து, 1871 நவம்பர் 29-இல், ஸ்டீவன்ஸ் கவுண்டியிலிருந்து பிரித்து இந்தக் கவுண்டி அமைக்கப்பட்டது. தியாகி என்று கொண்டாடப்பட்டவர் மீது இப்போது பார்வை மாறியிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலுள்ள அவருடைய சிலைக்குப் பதிலாகப் பழங்குடி மீனவர் உரிமைக்குப் போராடிய பில்லி ஃபிராங்க் ஜூனியர் சிலையை வைக்க மாநிலச் சட்டமன்றம் 2021-இல் முடிவு செய்தது. கவுண்டியின் பெயர் அப்படியே இருக்கிறது.

குடியேறிகள் எப்போது வந்தார்கள்?

முதலில் வந்தவர்கள் மாடு மேய்ப்பவர்கள். பிறகு 1870-களில் உழவர்கள் வந்து ஓடையோரப் பள்ளங்களில் மட்டும் உழுதார்கள். மேட்டு நிலத்தில் எதுவும் விளையாது என்பது அப்போதைய நம்பிக்கை. யாரோ துணிந்து மேட்டில் விதைத்துப் பார்க்க, பள்ளத்தைவிட மேடு நன்றாக விளைந்தது. அதோடு மேடெல்லாம் பட்டா ஆகிவிட்டது. 1862-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் எடுத்து ஐந்து ஆண்டு தங்கி உழுதால் நிலம் அவருக்கே. 1883-இல் கோல்ஃபேக்ஸுக்கு ரயில் வந்தது. 1880-இல் 7,014 ஆக இருந்த மக்கள்தொகை 1890-இல் 19,109. இத்தனைக்கும் இடையில் 1883-இல் ஆடம்ஸ், ஃபிராங்க்ளின் என்ற இரண்டு கவுண்டிகளை இதிலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள்.

வந்தவர்களில் ஒரு கூட்டம் சுவையானது. ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் நூறாண்டு வாழ்ந்த ஜெர்மானியர்கள், அங்கே சலுகைகள் பறிபோனதும் கிளம்பி, 1882-இல் எண்டிகாட் பக்கம் வந்து சேர்ந்தார்கள். புல்வெளியில் கோதுமை விளைவிப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

அவ்வளவு சரிவில் அறுவடை இயந்திரம் கவிழாதா?

கவிழ்ந்திருக்கிறது. இந்தக் கவுண்டியின் மக்கள்தொகையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி முக்கியம்.

நூறாண்டுக்கு முன் கதிர் அறுத்துக் கட்டி, போரடிக்கும் இயந்திரத்துக்கு வண்டியில் கொண்டுவந்து சேர்க்க ஒரு குழுவுக்கு இருபது, முப்பது பேர் வேண்டும். அறுவடைக் காலத்தில் ரயிலில் ஏறி ஊர் ஊராக வேலை தேடி ஆட்கள் வருவார்கள். அடுத்து, அறுப்பதும் அடிப்பதும் ஒன்றாகச் சேர்ந்த 'கம்பைன்' வந்தது. இழுக்க முப்பதுக்கு மேற்பட்ட குதிரைகளோ கோவேறு கழுதைகளோ பூட்டினார்கள். அத்தனை கால்நடைகளை ஒரே கைப்பிடியில் ஓட்டுபவருக்கு ஊரில் தனி மரியாதை. ஓட்டுபவர் ஒருவர், சரிவுக்கேற்ப இயந்திரத்தை நிமிர்த்திப் பிடிப்பவர் ஒருவர், பழுது பார்ப்பவர் ஒருவர், மூட்டை பிடித்துத் தைக்க இருவர் என்று ஐந்து பேர் போதும் என்றாயிற்று. 1940-களில் பலூஸ் ஊரைச் சேர்ந்த ரேமண்ட் ஹான்சன், சரிவில் இயந்திரத்தின் உடல் தானாகவே மட்டம் பிடித்துக்கொள்ளும் கருவியைச் செய்தார். நிமிர்த்திப் பிடிக்கிறவர் வேலை போயிற்று. மூட்டை கட்டாமல் கொட்டிச் செல்லும் வழக்கம் வந்ததும் தைக்கிறவர் வேலையும் போயிற்று. இன்று குளிரூட்டிய அறைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சக்கரம் சரிவோடு சாய, உடல் மட்டும் நேராக நிற்க, இயந்திரம் நண்டு மாதிரி மேட்டைச் சுற்றி வருகிறது.

குதிரை போனதும் அதற்குத் தீவனம் விளைந்த ஏக்கரும் கோதுமைக்கு வந்துவிட்டது. ஒரு குடும்பம் பார்க்கக்கூடிய நிலம் பெருகியது, குடும்பங்கள் குறைந்தன. 160 ஏக்கரில் தொடங்கிய கவுண்டியில் இன்று சுமார் ஆயிரம் பண்ணைகள், சராசரி ஆயிரம் ஏக்கருக்கு மேல். எல்லாம் சொந்த நிலமும் அல்ல. நகரத்துக்குப் போய்விட்ட பேரப்பிள்ளைகளின் பங்கை உள்ளூர் உழவர் வாரத்துக்கு எடுத்து உழுவது சாதாரணம். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு நிலக்காரருக்கு, இரண்டு பங்கு உழுதவருக்கு என்பது பழைய வழக்கம்.

பசுமைப் புரட்சிக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. இந்தியாவுக்கு நேரடியாகவே உண்டு.

புல்மனில் 1890-இல் தொடங்கிய வேளாண் கல்லூரிதான் இன்றைய வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே 1894-இல் சேர்ந்த வில்லியம் ஸ்பில்மன் கோதுமை ரகங்களைக் கலந்து பார்த்து, மெண்டல் கண்டுபிடித்த மரபு விதிகளை அவரைப் படிக்காமலேயே 1901-இல் எட்டிப் பிடித்தவர். அந்த வழியில் வந்தவர் ஆர்வில் வோகல்.

அன்றைய கோதுமைக்கு ஒரு தொல்லை. உரம் அதிகம் போட்டால் நெட்டையாக வளர்ந்து, கதிர் கனத்ததும் சாய்ந்துவிடும். நம் பழைய நெல் ரகங்களும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானில் இருந்த அமெரிக்க வேளாண் அறிஞர் எஸ். சி. சால்மன், அங்கே வயலில் முழங்கால் உயரத்தில் கனமான கதிரோடு நின்ற நோரின் 10 என்ற ரகத்தைக் கண்டு 1946-இல் விதையை அனுப்பினார். அது கோன்ஜிரோ இனாசுகா உருவாக்கியது. வோகல் அதைப் புல்மனில் உள்ளூர் பிரிவர் ரகத்தோடு கலந்தார். அப்படியே விதைத்தால் நோய் தின்றுவிடும் ஜப்பானியக் குட்டையை, பல ஆண்டு உழைத்து அமெரிக்க வயலுக்கு ஏற்றதாக்கி, 1961-இல் கெய்ன்ஸ் என்ற ரகமாக வெளியிட்டார். அதற்கு முன்பே, 1950-களின் தொடக்கத்தில், மெக்சிகோவில் கோதுமை ஆராய்ந்துகொண்டிருந்த நார்மன் போர்லாகுக்குத் தன் கலப்பு விதைகளை அனுப்பியிருந்தார். முடிக்காத வேலையின் விதையை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் கதைக்குள் வருவது இங்கேதான். தில்லியில் சாயாத கோதுமைக்காக முயன்றுகொண்டிருந்த அவர், குட்டை மரபணு கேட்டு வோகலுக்கு எழுதினார். வோகல் கெய்ன்ஸ் விதையைக் கொடுத்து, கூடவே ஒன்று சொன்னார்: இது குளிர்காலக் கோதுமை, உங்கள் தட்பவெப்பத்துக்குச் சரிவராது, மெக்சிகோவில் போர்லாக் இதே குட்டைத்தன்மையை வசந்தக் கோதுமையில் ஏற்றியிருக்கிறார், அவரைக் கேளுங்கள். 1963-இல் போர்லாக் இந்தியா வந்தார். 1966-இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ விதையை இறக்கியது. 1960-களின் நடுவில் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1968-இல் சுமார் 1.7 கோடி டன்னானது. பஞ்சாபின் கதையாகவே இதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதன் ஒரு வேர் புல்மன் மேட்டில் இருக்கிறது.

பருப்பும் விளைகிறதாமே?

மசூர் பருப்பு, பச்சைப் பட்டாணி, கொண்டைக்கடலை மூன்றும். 1916 வாக்கில் ஃபார்மிங்டன் ஊரில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஓர் உழவர் சிறிதளவு மசூர் விதைத்ததிலிருந்து தொடங்கியது. அந்தச் சபையில் இறைச்சி தவிர்ப்பவர்கள் அதிகம், அதனால் பருப்புக்கு வீட்டிலேயே தேவை இருந்தது. நெடுங்காலம் அமெரிக்காவின் மசூர் பெரும்பாலும் பலூஸிலிருந்தே வந்தது. இப்போது மொன்டானாவும் வடக்கு டகோட்டாவும் முந்திவிட்டன. புல்மனில் 1989 முதல் ஆகஸ்ட் மாதம் பருப்புத் திருவிழா நடக்கிறது. பெரிய அண்டா நிறைய மிளகாய் போட்ட பருப்புச் சாறு காய்ச்சி ஊருக்கே ஊற்றுகிறார்கள். நம் நாக்குக்கு உப்பு உறைப்பு போதாது, ஆனால் பருப்புக்கு விழா எடுக்கும் ஊரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இந்தியாவின் முடிவுகள் இங்கே உடனே உறைக்கும். 2017 டிசம்பரில் மசூருக்கும் கொண்டைக்கடலைக்கும் இந்தியா 30 சதவீத இறக்குமதி வரி விதித்தது. 2019-இல் அமெரிக்காவுக்குப் பதிலடியாக இன்னொரு வரி; அது 2023-இல் நீங்கியது. ஆறு ஏக்கர் வைத்திருக்கும் மத்தியப் பிரதேச உழவரைக் காக்கப் போட்ட வரி, ஆயிரம் ஏக்கர்க்காரரின் விதைப்புக் கணக்கை மாற்றுகிறது. யாருக்காக வருந்துவது என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடுகிறேன்.

இவ்வளவு கோதுமை எங்கே போகிறது?

அமெரிக்காவிலேயே அதிகக் கோதுமை விளையும் கவுண்டிகளில் இது முன்வரிசை. பெரும்பாலும் மென்வெள்ளைக் கோதுமை. ரொட்டியைவிட நூடுல்ஸ், கேக், பிஸ்கட்டுக்கு ஏற்றது. அதனால் பெரும்பங்கு ஜப்பான், பிலிப்பைன்ஸ், தென்கொரியா பக்கம் போகிறது. லாரியில் ஸ்னேக் ஆற்றங்கரைக்கு இறக்கி, அங்கிருந்து தட்டைப் படகில் ஏற்றுவார்கள். ஒரு படகில் சுமார் 3,500 டன். வழியிலுள்ள அணைகளில் படகை இறக்கிவிடும் பூட்டுவாய்கள் வழியே இறங்கி போர்ட்லாந்து பக்கத் துறைமுகங்களுக்குப் போய்ச் சேரும்.

ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள நான்கு அணைகளும் 1962 முதல் 1975-க்குள் வந்தவை. உழவருக்கு மலிவான போக்குவரத்து கிடைத்தது. பழைய பழங்குடி ஊர்மனைகள் நீரில் மூழ்கின. சால்மன் வரத்து சரிந்தது. நான்கையும் உடைக்க வேண்டும் என்று பழங்குடிகளும் சூழலியலாளர்களும், உடைத்தால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று உழவர்களும் பல பத்தாண்டாக வழக்காடுகிறார்கள்.

மண் இன்னும் அப்படியே இருக்கிறதா?

இல்லை. காற்று கட்டிய மேடு, உழுதால் நீரில் கரையாமல் என்ன செய்யும்? உறைந்த மண் மீது குளிர்கால மழை பெய்து பனி உருகும் நாட்களில் சரிவெல்லாம் வாய்க்கால் விழும். மத்திய வேளாண் துறை 1978-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பலூஸ் சாகுபடி நிலத்தில் 10 சதவீதத்தில் மேல்மண் முழுவதும் போய்விட்டது. இன்னொரு 60 சதவீதத்தில் கால்பங்கு முதல் முக்கால்பங்கு வரை போயிருந்தது. குன்றின் உச்சிகள் வெளிறித் தெரிவது அதனால்தான். இப்போது உழாமல், அறுத்த பயிரின் தாள்களுக்கு இடையே நேரடியாக விதைக்கும் முறை பரவி, அரிப்பு கணிசமாகக் குறைந்திருக்கிறது. ஆதிப் புல்வெளியில் ஒரு சதவீதம்கூட மிச்சமில்லை. கலப்பை ஏற முடியாத மூலைகளிலும் கல்லறைத் தோட்ட ஓரங்களிலும்தான் இருக்கிறது.

சரி, மக்கள்தொகை கூடியதா, குறைந்ததா?

புல்மனைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

1910-இல் புல்மனில் சுமார் 2,600 பேர். மற்ற ஊர்களிலும் பண்ணைகளிலும் 30,000-க்கு மேல். 2020-இல் புல்மனில் 32,901 பேர். கவுண்டியின் மற்ற எல்லா இடங்களிலும் சேர்த்து 15,072. நாட்டுப்புறம் பாதியாகிவிட்டது. பல்கலைக்கழக ஊர் பன்னிரண்டு மடங்கு பெருத்து அந்தப் பள்ளத்தை மறைத்து நிற்கிறது.

மாற்றம் நடந்த காலத்தையும் எண்களில் காணலாம். 1910-க்குப் பின் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் சரிந்து 1940-இல் 27,221-க்கு வந்தது. 1950-இல் திடீரென்று 32,469. போர் முடிந்து திரும்பிய வீரர்கள் அரசு உதவியில் கல்லூரிக்கு வந்தது ஒரு காரணம். இன்னொன்று கணக்கெடுப்பு விதி: அதுவரை பெற்றோர் வீட்டில் எண்ணப்பட்ட கல்லூரி மாணவர்களை, 1950 முதல் படிக்கும் ஊரில் எண்ணத் தொடங்கினார்கள். பத்தே ஆண்டில் புல்மன் 4,400-லிருந்து 12,000-க்குத் தாவியது. அதே பத்தாண்டில் மற்ற ஊர்கள் 2,000 பேருக்கு மேல் இழந்தன.

இதனால் கவுண்டியின் சராசரிகள் எல்லாம் குழப்பும். வயதை எடுத்தால் மிக இளமையான கவுண்டி போலத் தெரியும். பண்ணை ஊர்களில் தலை நரைத்தவர்கள்தான் அதிகம். வறுமை விகிதம் உயர்ந்திருக்கும். சம்பளமில்லாத மாணவர்களை எண்ணுவதன் விளைவு அது. கவுண்டிப் புள்ளிவிவரத்தை வைத்து இங்குள்ள உழவர்களைப் பற்றி யாராவது பேசினால், புல்மனைக் கழித்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.

புல்மனில் பல்கலைக்கழகம் தவிர வேறு வேலை உண்டா?

1982-இல் எட்மண்ட் ஷ்வைட்சர் தொடங்கிய நிறுவனம், மின்கட்டமைப்பைக் காக்கும் டிஜிட்டல் ரிலேக்களைச் செய்கிறது. தனியார் வேலை என்றால் பெரும்பாலும் அதுதான். பல்கலைக்கழகம் தகர டப்பாவில் அடைத்து விற்கும் பாலாடைக்கட்டியும் பேர் பெற்றது. போர்க்காலத்தில் கெடாமல் அனுப்ப ஆராய்ந்ததன் மிச்சம்.

மால்டன் ஊருக்கு என்ன ஆயிற்று?

வடக்கே மில்வாக்கி ரயில் பாதை 1900-களில் வந்தபோது எழுந்த ஊர் மால்டன். 1920-இல் ஆயிரம் பேர். ரயில்வே தன் வேலைகளை வேறிடத்துக்கு மாற்றியதும் ஊர் இளைத்தது. 1980-இல் பாதையே கைவிடப்பட்டது. 2010-இல் 203 பேர். வாடகை குறைவு என்பதால் வந்தவர்களும், வேறெங்கும் போக முடியாத முதியவர்களுமாக இருந்தார்கள். 2020 செப்டம்பர் 7, தொழிலாளர் தின விடுமுறை. பலத்த காற்றில் மரக்கிளை மின்கம்பியில் பட்டுப் பிடித்த தீ சில மணி நேரத்தில் ஊரில் சுமார் 80 சதவீதக் கட்டடங்களைத் தின்றது. தபால் நிலையம், ஊராட்சிக் கூடம், தீயணைப்பு நிலையம் எல்லாம் போயின. மத்திய அரசின் பேரிடர் அறிவிப்பு வர ஐந்து மாதமாயிற்று. சிறிய ஊருக்குக் குரலும் சிறிதுதான். பழைய ரயில் தடம் இப்போது நடைபயணிகளுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்குமான பாதை.

சின்ன ஊர்களில் பார்க்க ஏதாவது உண்டா?

கோல்ஃபேக்ஸில் நிறுத்துங்கள். ஊரை நிறுவியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பெர்க்கின்ஸ் 1886-இல் கட்டிய வீடு இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது கடைவீதியில் நிற்கும் மரத்தூண். 1938-இல் கோல்ஃபேக்ஸும் செயின்ட் ஜான் ஊரும் ஓர் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் ஆடின. கோல்ஃபேக்ஸ் தோற்றது. ஐம்பது ஆண்டு கழித்து, 1988-இல், அதே பையன்கள் எழுபதை நெருங்கிய வயதில் மறுபடி களமிறங்கி அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடினார்கள். அவர்கள் முகங்களைத்தான் சங்கிலி வாளால் அந்தத் தூணில் செதுக்கியிருக்கிறார்கள்.

எப்போது போகலாம்?

பச்சை வேண்டுமென்றால் மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை. பொன் வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் வாரங்கள். அறுவடைப் புழுதி கண்ணில் விழும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெப்டோ மேட்டுக்கு மாலையில் ஏறுங்கள், சாய்ந்த வெயிலில்தான் குன்றுகளின் மடிப்பு தெரியும். படம் எடுக்கிறோம் என்று பயிருக்குள் இறங்காதீர்கள், அது ஒருவருடைய வயல். கிராமச் சாலையில் எதிரே கோதுமை லாரி வந்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள். ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். நீங்களும் ஒரு விரல் உயர்த்தினால் போதும்.